இன்ஜினுக்கும் மூக்கு உண்டு

டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தா, சாப்பிட்டுக் கட்டில்ல சாஞ்சதும் பேச்சு எப்படியும் வண்டிக்கு வந்துரும். மைலேஜ் எவ்வளவு, என்ன ஆயில் ஊத்தறீங்க, டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்குச்சு. இது வழக்கமா நடக்கறதுதான். இப்ப ரெண்டு மூணு வருசமா ஒரு புதுச் சங்கதி சேர்ந்திருக்கு. "மாமா, என் வண்டிக்கு பிரீதர் அப்கிரேடு பண்ணிட்டேன்"னு பசங்க பானெட்டைத் தூக்கிக் காட்டறாங்க. பாத்தா இன்ஜின் மேல செவப்பு கலர்ல சின்னக் காளான் மாதிரி ஒரு ஃபில்டர் குத்தி வச்சிருக்கு. ஏற்கனவே அங்க இருந்த ஓஸைக் கழட்டி, ஓட்டையை அடைச்சாச்சு. இன்ஜின் இனிமே "ஃப்ரீயா மூச்சு விடுமாம்".

இதைப் பத்தி எனக்கு ரெண்டு கருத்து இருக்குங்க. பிரீதர் வேலையை வீட்டு வாசல்ல வச்சு நீங்களே பண்ணலாம், தாராளமாப் பண்ணுங்க, பண்ணவும் வேணும். ஆனா இன்ஜின் விடற காத்தை ஊர்க் காத்துல திறந்து விடறதுக்குப் பேரு அப்கிரேடு இல்ல. அது அறுபது வருசம் பின்னால போறது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

முதல்ல இந்த பிரீதர்னா என்னன்னு பாக்கலாம். இன்ஜினுக்குள்ள பிஸ்டன் மேல பெட்ரோலோ டீசலோ வெடிக்குது. பிஸ்டனைச் சுத்தி ரிங் இருக்கு. ரிங் எவ்வளவு புதுசா இருந்தாலும் நூத்துக்கு நூறு அடைக்காது. வெடிச்ச காத்துல கொஞ்சம் ரிங் இடுக்குல நழுவி, கீழ ஆயில் இருக்கிற சேம்பருக்குள்ள இறங்கிரும். எங்க மெக்கானிக்குங்க இதை 'பேக் கம்ப்ரஷன்'னு சொல்லுவாங்க. அந்தக் காத்துல எரியாத எரிபொருள் இருக்கும், நீராவி இருக்கும், புகைக்கரி இருக்கும், ஆயில் துளி இருக்கும். பெட்ரோல் வண்டியா இருந்தா கார்பன் மோனாக்சைடும் இருக்கும்.

இந்தக் காத்து வெளிய போக வழி வேணும். வழி இல்லைன்னா என்ன ஆகும்? சமையல் கட்டுல குக்கர் விசில்ல பருப்புத் தோல் அடைச்சா என்ன ஆகும்னு உங்க வீட்டுல கேட்டா சொல்லுவாங்க. இன்ஜின் குக்கர் மாதிரி வெடிக்காது. ஆனா பலவீனமான எடத்தைத் தேடி அழுத்தம் வேலை பாக்கும். ஆயில் சீலைத் தள்ளும், டேப்பட் கவர் கேஸ்கெட் ஓரமா ஆயில் கசியும், சில வண்டியில ஆயில் கேஜ் கம்பியையே மேல தூக்கிரும். அந்தக் காத்து வெளிய வர்ற மூக்குதான் பிரீதர்.

எனக்கு இதைப் பாடமாச் சொல்லிக் குடுத்தது கார் இல்ல, எங்க அப்புச்சி தோட்டத்துல இருந்த ஆயில் இன்ஜின். இங்கிலாந்துல லிஸ்டர்னு ஒரு கம்பெனி 1930 வாக்கில கொண்டு வந்த மெதுவா ஓடுற ஒத்தை சிலிண்டர் இன்ஜின். அதைப் பாத்து ராஜ்கோட்டுல அச்சு அசலா வார்த்து நாடு பூரா அனுப்பினாங்க. நிமிசத்துக்கு 650 சுத்துதான். டொக்கு டொக்குன்னு ரெண்டு காடு தள்ளிக் கேக்கும். அதுல சேம்பர்க் கதவுல சின்னதா ஒரு பிரீதர், உள்ள ஒரு தகடு. பிஸ்டன் கீழ வரும்போது காத்தைத் தள்ளும், தகடு திறந்துக்கும். பிஸ்டன் மேல ஏறும்போது தகடு ஒட்டிக்கும், வெளிக்காத்து உள்ள வராது. அதனால சேம்பருக்குள்ள எப்பவும் லேசா ஒரு உறிஞ்சல் இருந்துட்டே இருக்கும். உறிஞ்சல் இருந்தா ஆயில் வெளிய கசியாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஃபிளைவீல் பக்கம் ஆயில் கசிஞ்சா அப்புச்சி சீல் வாங்க ஓட மாட்டாரு. அந்தத் தகட்டைக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவி, துணியில துடைச்சு மாட்டுவாரு. பாதி நாளு கசிவு நின்னுரும். எட்டாங்கிளாஸ் தாண்டாத மனுசன் தெரிஞ்சு வச்சிருந்த விசயம்: கசியற எடம் வேற, காரணம் இருக்கிற எடம் வேற.

இப்பக் காருக்கு வருவோம். ஆரம்ப காலத்துக் காருங்களுக்கு எளிமையான ஏற்பாடுதான். சேம்பர்ல இருந்து ஒரு குழாய், ரோட்டைப் பாத்துத் தொங்கும். வண்டி ஓடும்போது அடிக்கிற காத்து குழாய் முனையில உறிஞ்சும், உள்ள இருக்கிற அழுக்குக் காத்து ரோட்டுல போயிரும். யாருக்கும் அது பெரிசாப் படல. படற மாதிரி பண்ணினது அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் ஊர்ப் புகைமூட்டம்.

அந்தக் கதையில ஒரு விவசாயிக்குப் பிடிச்ச சங்கதி இருக்குங்க. அந்தப் புகையைப் பத்தி முதல்ல சாட்சி சொன்னதுல செடியும் ஒண்ணு. 1940கள்ல அந்த ஊரைச் சுத்தி இருந்த கீரைத் தோட்டத்துல இலையோட அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி மினுங்கி வாடிச்சு. பூச்சி இல்ல, நோய் இல்ல. ஏன்னு தேடினவங்கள்ல ஒருத்தரு ஹாகன்-ஸ்மிட், கால்டெக்ல வேதியியல் பாத்த பேராசிரியரு. அதுக்கு முன்னாடி அவரு ஆராய்ஞ்சிட்டு இருந்தது அன்னாசிப்பழ வாசத்தை! அவருதான் 1950களோட ஆரம்பத்துல கண்டு சொன்னாரு: எரியாத எரிபொருள் ஆவியும் வண்டிப் புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடும் வெயில்ல சேர்ந்து ஓசோனும் வேற சில எரிச்சல் பொருளும் ஆகுது, அதுங்கதான் கண்ணை எரிக்குது, இலையைக் கருக்குதுன்னு. வானத்துல உசரத்துல இருக்கிற ஓசோன் நமக்குக் குடை. அதே ஓசோன் தரையில இருந்தா பயிருக்கும் நுரையீரலுக்கும் விஷம்.

அப்புறம் காரைப் பிரிச்சுப் பாத்தா, எரியாத ஆவி சைலன்சர்ல மட்டும் வரல. ஒரு கார் வெளிய விடற மொத்த ஆவியில ஏறத்தாழ அஞ்சுல ஒரு பங்கு அந்த ரோட்டைப் பாத்துத் தொங்கற குழாயில வந்துட்டு இருந்துச்சு. 1961 மாடல்ல இருந்து கலிஃபோர்னியாவுல வித்த புதுக் காருல அந்தக் குழாயை மூடி, காத்தைத் திரும்ப இன்ஜினுக்கே குடுத்து எரிக்கிற ஏற்பாடு வந்துச்சு. 1963 வாக்கில அமெரிக்கா பூராவும். பிசிவி வால்வுன்னு இப்பச் சொல்றது அதைத்தான். கார்ப் புகையைக் கட்டுப்படுத்தறதுக்குன்னு வந்த முதல் உருப்படி இதுதான். சைலன்சர்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. நம்ம நாட்டுல 1991-ல பெட்ரோல் வண்டிக்கும் 1992-ல டீசல் வண்டிக்கும் புகை அளவு விதி வந்துச்சு, படிப்படியா இறுகி 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வரைக்கும் வந்திருக்கு.

அந்த வால்வு செய்யற வேலையைக் கொஞ்சம் பாருங்க, மரியாதை தானா வரும். விரல் நீளம் கூட இருக்காது. உள்ள ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங். வண்டி நின்னு ஓடும்போது இன்ஜினோட உறிஞ்சல் பலமா இருக்கும், சேம்பர் காத்து கம்மியா இருக்கும். அப்ப ஊசி இழுபட்டு வழியைச் சிறுசாக்கும். ரோட்டுல நிதானமாப் போகும்போது உறிஞ்சல் குறையும், காத்து கூடும், வழி பெரிசாகும். ஏர் கிளீனர் பக்கத்துல இருந்து இன்னொரு ஓஸ் வழியா சுத்தமான காத்து சேம்பருக்குள்ள வரும். வீட்டுல ஒரு ஜன்னல்ல காத்து வந்து எதுத்த ஜன்னல்ல போற மாதிரி. ஈரத்தையும் ஆவியையும் அந்தக் காத்து வாரிட்டுப் போயிரும்.

இதுல டவுன்காரங்களுக்கு ஒரு முக்கியமான விசயம் இருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் பொறக்குது. பெரும்பகுதி சைலன்சர்ல போயிரும், கொஞ்சம் சேம்பருக்கும் வரும். நாங்க உடுமலைல இருந்து பொள்ளாச்சி சந்தைக்குப் போனா இன்ஜின் நல்லாச் சூடேறி அந்த ஈரத்தை ஓட்டிரும். நீங்க பாப்பாவை ஸ்கூல்ல விட ரெண்டு கிலோமீட்டரு, அப்படியே காய்கறிக் கடை, வீடு. இன்ஜின் சூடாகறதுக்குள்ள நிறுத்திருவீங்க. அந்தத் தண்ணி ஆயிலோட கலந்து காப்பியில பால் ஆடை மாதிரி மூடிக்கு அடியில படியும். ஆயில் மூடியைத் திருப்பிப் பாருங்க, மார்கழி தை மாசத்துல பலபேரு வண்டியில இருக்கும். கொஞ்சமா இருந்தா பயப்பட வேணாம், ஒரு நாள் நாப்பது அம்பது கிலோமீட்டர் ஒரே மூச்சா ஓட்டினாப் போயிரும். ரேடியேட்டர் தண்ணி குறையுதுன்னா மட்டும் சங்கதி வேற, மெக்கானிக்கைப் பாக்கணும். ஆனா இந்த ஈரத்தை வாரிட்டுப் போற ஜன்னலைத்தான் நீங்க காளான் ஃபில்டர் மாட்டும்போது அடைக்கறீங்க. உறிஞ்சல் போச்சு, சுத்தக் காத்து வர்றது நின்னுச்சு. அழுத்தம் வந்தா மட்டும் தானா வெளிய வரும், ஈரம் உள்ளயே கிடந்து ஆயிலைச் சேறாக்கும். "ஃப்ரீயா மூச்சு" எங்க இருக்கு இதுல?

இது ஏட்டுப் பேச்சு இல்ல, எங்க வீட்டுல நடந்தது. ரெண்டு வருசம் முன்னாடி கோயமுத்தூர்ல ஒருத்தருகிட்ட பழைய பெட்ரோல் கார் ஒண்ணு வாங்கினோம். இன்ஜின் நல்ல கண்டிசன். ஆனா பின் சீட்டுல உக்காந்தா எம் பொண்ணு அரை மணி நேரத்துல தலைவலிக்குதும்பா, அப்புறம் வாந்தி. பஸ்ஸுல போனா ஒண்ணும் இல்ல. அம்மா சுக்குத் தண்ணி குடுத்தாங்க, எலுமிச்சம்பழம் கையில குடுத்து அனுப்பினாங்க. "கண்ணு, ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ"ன்னாங்க. ஒரு நாளு எங்க மாமனாரு முன் சீட்டுல உக்காந்துட்டு வந்தவரு, "ஏனுங் மாப்ள, வண்டிக்குள்ள அரிசி மில்லு இன்ஜின் ரூமு வாசம் அடிக்குதுங்களே"ன்னாரு.

ஏ.சி.யை வெளிக்காத்து வாங்கற மாதிரி வச்சா அந்த வாசம் வருது, உள்காத்து சுத்தற மாதிரி வச்சா கொஞ்ச நேரத்துல குறையுது. அப்ப வாசம் பானெட்டுக்கு அடியில இருந்துதான் வருது. தூக்கிப் பாத்தா அதே காளான். கண்ணாடிக்குக் கீழ வண்டிக்குள்ள காத்து வாங்கற சல்லடை இருக்குதுல்ல, அதுக்கு ஒரு சாண் தள்ளிப் பொருத்தியிருந்தாங்க. டிராபிக்ல வண்டி நிக்கும்போதெல்லாம் இன்ஜின் விட்ட மூச்சை எம் பொண்ணு இழுத்திருக்கா. முன்ன வண்டி வச்சிருந்தவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அவரும் நல்லதுன்னு நெனச்சுத்தான் காசு குடுத்து மாட்டியிருப்பாரு.

ஞாயித்துக்கிழமை பாதி நாளுல வாசல் வேப்பமரத்தடியில வேலை முடிஞ்சுது. காளானைக் கழட்டி, இன்டேக்குல மூடியிருந்த ஓட்டையைத் திறந்து, புது பிசிவி வால்வு, அதுக்கு ரப்பர் வாசர், ஆயில் தாங்கற ஓஸ் ரெண்டு துண்டு, நாலு கிளிப்பு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூவாய்க்குள்ள. அடுத்த வாரம் பொள்ளாச்சி போயிட்டு வந்தோம், பொண்ணு வழி நெடுகப் பேசிட்டே வந்தா. இதுதான் நான் பாத்த நல்ல 'பிரீதர் அப்கிரேடு'. கம்பெனிக்காரன் போட்டதை ஒழுங்கா வேலை செய்ய வைக்கறது.

வீட்டுல செய்யறவங்களுக்கு நாலு விசயம் சொல்லிர்றேன்.

முதல்ல சோதனை, அப்புறம் சாமான் வாங்கறது. பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சும்மா ஓடவிட்டு, பிசிவி வால்வை எடுத்து முனையில விரலை வைங்க. பளிச்சுன்னு உறிஞ்சணும். வண்டியை நிறுத்திட்டு வால்வைக் கையில குலுக்கினா உள்ள கடகடன்னு சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா பிசுக்கு புடிச்சு ஒட்டியிருக்கு. ஓஸை அமுக்கிப் பாருங்க. ஊதிப்போய் மெத்து மெத்துன்னு இருந்தா, சூட்டுல உறிஞ்சும்போது ஒட்டிக்கும். வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும்.

இன்னும் தெளிவா வேணும்னா கொத்தனாரு மட்டம் பாக்கற கண்ணாடி டியூப் போதும். ஒரு முனையை ஆயில் கேஜ் போற ஓட்டையில இறுக்கமாச் சொருகி, டியூப்பை 'U' மாதிரி இடுப்புக்குக் கீழ தொங்க விட்டு, அடியில கொஞ்சூண்டு தண்ணி. ஒரு சாண் போதும், ரொம்ப ஊத்தினா உறிஞ்சி உள்ள போயிரப் போகுது. ஃபேன், பெல்ட்டு பக்கம் டியூப் போகாமப் பாத்துக்கங்க. நல்ல வண்டி சும்மா ஓடும்போது தண்ணி லேசா இன்ஜின் பக்கம் ஏறும், இல்ல ரெண்டு பக்கமும் சில சென்டிமீட்டருக்குள்ள ஆடும். வெளிப்பக்கமாத் தள்ளிட்டே போய்த் தண்ணி கொட்டிருச்சுன்னா பிரீதர் அடைச்சிருக்கு, இல்லைன்னா ரிங் தேஞ்சிருக்கு. பிரீதரைச் சுத்தம் பண்ணியும் அப்படியே தள்ளுதுன்னா ரிங்குதான். அதுக்கு இன்ஜின் வேலைதான் மருந்து. பெரிய பிரீதர் மாட்டறது காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரை ஒடைச்சுப் போடற மாதிரி. பழைய வண்டிச் சந்தையில பிரீதர் ஓஸைக் கழட்டிக் கீழ தொங்க விட்டிருந்தா நான் வண்டியை விட்டுத் தள்ளி நின்னுக்குவேன்.

அடுத்தது கேட்ச் கேன். இது நல்ல விசயம், நான் இதுக்கு எதிரி இல்ல. பிரீதர்ல இருந்து இன்டேக்குக்குப் போற வழியில ஒரு டப்பா, காத்து அதுக்குள்ள தடுப்புல மோதித் திரும்பும்போது ஆயில் துளி ஒட்டிக் கீழ வடியும், காத்து மட்டும் இன்ஜினுக்குப் போகும். இப்ப வர்ற சில பெட்ரோல் இன்ஜின்ல பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே தெளிக்கிறாங்க. அதனால வால்வு மேல பெட்ரோல் பட்டுக் கழுவுற வேலை நடக்காது, பிரீதர் ஆயில் வால்வு மேலயே கரியாப் படியும். அந்த மாதிரி வண்டிக்கும் டர்போ டீசலுக்கும் டப்பா உபயோகம்தான். எங்க லோடு வண்டி டீசல், அதுக்கு மாட்டியிருக்கேன். ஆனா உள்ள போற ஓஸ், வெளிய வர்ற ஓஸ், ரெண்டும் இருக்கு. காத்து வெளிய போறதில்ல.

டப்பா வாங்கும்போது உள்ள தடுப்பு இருக்கான்னு திறந்து பாருங்க. வெறும் டப்பா வேடிக்கைக்குத்தான். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை உள்ள திணிக்கச் சொல்றாங்க. ஒரு இழை பிஞ்சு டர்போவுக்குப் போனா டர்போ காலி. ஓஸ் பழைய அளவுக்குக் குறையக் கூடாது, மடங்கக் கூடாது. செடிக்குத் தண்ணி விடற டியூப் ஆகவே ஆகாது, ஆயில் சூட்டுக்கு ரெண்டே மாசத்துல இளகிரும். ஆரம்பத்துல ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் திறந்து பாத்து வடிச்சிருங்க. அதுல தேங்கறது நல்ல ஆயில் இல்ல, தண்ணியும் கழிவும் கலந்தது. திரும்ப இன்ஜின்ல ஊத்தாதீங்க, சாக்கடையிலயும் ஊத்தாதீங்க. பழைய ஆயில் வாங்கறவங்ககிட்டக் குடுங்க. ஊர்ல வேலிக்காலுக்குக் கரையான் வராம இருக்கப் பூசுவாங்க. கெணறு பக்கத்துல இருந்தா நான் அதையும் வேண்டாம்பேன்.

வடிக்காம விட்டா என்னாகும்னு டீசல் வண்டிக்காரங்க கண்டிப்பாத் தெரிஞ்சுக்கணும். டப்பா நெறஞ்சு, ஒரு மேட்டுல ஏறும்போது அந்த ஆயில் மொத்தமா இன்டேக்குக்குப் போச்சுன்னா, டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிச்சு ஓட ஆரம்பிச்சிரும். சாவியை ஆஃப் பண்ணினாலும் நிக்காது. வெள்ளைப் புகை கக்கிட்டு வேகம் ஏறிட்டே போகும், இன்ஜின் ஒடையற வரைக்கும். கியர் வண்டியா இருந்தா பெரிய கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் புடிச்சு, கிளச்சை விட்டு அமத்தணும். இல்லைன்னா காத்து போற வாயைப் பலகையால அடைக்கணும், கையை வச்சிரக் கூடாது. அது முடியலைன்னா வண்டியை விட்டுத் தூரமாப் போயிருங்க. இருநூறு ரூவா டப்பாவைப் பாக்காம விட்டு ஒரு இன்ஜினை எழக்க வேணாம்.

சட்டத்தையும் சொல்லிர்றேன். பெட்ரோல் காருல சேம்பர் காத்தை வெளிய விடக் கூடாதுங்கறது புகை விதியிலயே இருக்கு. ஆனா யாரும் புடிக்க மாட்டாங்க. புகைச் சான்று எடுக்கற எடத்துல குழாயைச் சைலன்சருக்குள்ள விட்டுத்தான் அளக்கறாங்க. பானெட்டுக்கு அடியில மூக்கைத் திறந்து வச்சிருக்கிறது அந்த மிஷினுக்குத் தெரியாது. சான்று சுத்தமா வரும், காத்து சுத்தமா இருக்காது. யாரும் பாக்காத எடத்துல நாமளா நடந்துக்கறதுதான் இதுல இருக்கிற ஒரே காவல்.

"ஒரு காரு விடற காத்துல உங்க தோட்டத்துத் தென்னை பட்டுப் போயிருமா?"ன்னு கேப்பீங்க. போகாது. எங்க ஊர்லயும் பிளாஸ்டிக் குப்பையையும் டயரையும் எரிக்கறவங்க இருக்காங்க, அவங்களையும் நான் திட்டிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஓசோன் பொறந்த எடத்துலயே இருக்கறதில்ல. டவுன் புகையில இருந்து உண்டாகி காத்தோட கிராமத்துப் பக்கம் நகர்ந்து, வெயில் உச்சியில பயிர் மேல படும். கோதுமை மாதிரி பயிர்ல மகசூல் குறையறதை ஆராய்ச்சிக்காரங்க அளந்தே சொல்லியிருக்காங்க. இலையில அரிச்ச மாதிரி தெரிஞ்சா நாங்க பூச்சிமருந்து கடைக்கு ஓடுவோம், காரணம் வேற எங்கயோ இருக்கும். அப்புச்சி இன்ஜின் கசிவு மாதிரிதான்.

இன்னொரு வருத்தமும் இருக்கு, இது பசங்க மேல இல்ல. புது வண்டிங்க பலதுல பிரீதர் வால்வைத் தனியாக் கழட்ட முடியாது. மேல பிளாஸ்டிக் டேப்பட் கவருக்குள்ளயே ஒரு ரப்பர் ஜவ்வு வச்சு ஒட்டிர்றாங்க. ஜவ்வு கிழிஞ்சா மொத்தக் கவரையும் மாத்தணும். அப்புச்சி மண்ணெண்ணெயில கழுவி மாட்டின உருப்படி இப்ப ஆயிரக்கணக்குல பில்லாகுது. வண்டிக்காரன் கையில ஒண்ணுமில்லைன்னு ஆகும்போதுதான் ஆன்லைன்ல விக்கிற காளானைப் பாத்து, "இதையாவது நம்ம கையால மாட்டுவோம்"னு பசங்களுக்குத் தோணுது. அந்த ஆசை நல்ல ஆசை. அது போற வழிதான் தப்பு.

2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுதுபாக்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. காரு, செல்போன், வீட்டுச் சாமான்களோட விவசாயக் கருவிகளும் அந்தப் பட்டியல்ல இருக்கு. பழுதுபாக்கற விவரத்தையும் உதிரி பாகத்தையும் கம்பெனிங்க ஜனங்களுக்குக் குடுக்கணுங்கறது நோக்கம். அது சட்டமா இறுகணும், ஒத்தை ஜவ்வு தனியாக் கெடைக்கணும். அதுக்கு டவுன்ல இருக்கிற நீங்க கொரல் குடுத்தாத்தான் நடக்கும். எங்க டிராக்டருக்கும் அது பிரயோஜனப்படும்.

அதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை பானெட்டைத் தூக்குங்க. ஆயில் மூடியைத் திருப்பிப் பாருங்க, பிரீதர் ஓஸ் எங்க இருந்து எங்க போகுதுன்னு விரலால தடவிப் பாருங்க, வால்வைக் குலுக்கிப் பாருங்க. பிள்ளைங்களையும் பக்கத்துல நிக்க வைங்க. காளான் மாட்டியிருந்தாக் கழட்டிட்டு ஓஸைப் பழையபடி சேத்துருங்க. செலவு ஆயிரத்துக்குள்ள, கை மட்டும் கருப்பாகும். அரப்புத் தூள் போட்டுத் தேய்ச்சாப் போயிரும்.